சிக்கனச் செல்வர் வித்தியாசாகரர்

சிக்கனம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிப்பார் நம்முள் பலர். சிக்கனம் வேறு, உலோபம் வேறு என்பதனை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. கையிலுள்ள பொருளைத் தானும் உண்ணாது, பிறர்க்கும் ஈயாது பூட்டி வைப்பது உலோபம். வேண்டாத இடத்துச் செல்லும் காசினைத் தடுத்து, வேண்டிய இடத்திற்குத் திருப்பி விடுவது சிக்கனம். வாய்க்காற் கரையின் உடைப்பை அடைக்கும் உழவன் பயிரின்மீதுள்ள அன்பினாலேயே அதனைச் செய்கின்றான். நீரின்மீதுள்ள வெறுப்பினால் அன்று.

இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையினால் விளக்கிக் காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைக்கக் கருதினோம். அவர் வங்காளத்துப் பண்டிதர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளச் சட்டம் வரச் செய்தவர் என்றும், பெண் கல்விக்கு உழைத்தவர் என்றும் அவரைப் பலரும் அறிவர். அவர்தம் இல்லத்துச் செலவினை அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டு நாம் சிறப்பாகச் சொல்லப் புகுந்தோம்.

வித்தியாசாகரர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ஆம் நாள் வங்காளத்து வீரசிங்கம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாகுர்தாஸ், தாயார் பகவதி தேவி. அக்குடும்பத்தின் வறுமை ஒரு தலைமுறைக்கு முன்னரே தொடங்கியது. பாட்டனார் மனக்கசப்பினால் வீட்டைத் துறந்து சென்றுவிட, பாட்டியார் துர்காதேவி பிறந்தகம் வந்து சேர்ந்தார். இராட்டையில் நூல் நூற்று விற்று மக்களைக் காப்பாற்றினார். தாயார் படும் துன்பத்தைக் காணப் பொறாத தாகுர்தாஸ், பதினைந்து வயதளவிலேயே பொருள் தேடிக் கல்கத்தா நகரம் புகுந்தார்.

அந்நகரில் அவருக்கிருந்த சொத்தெல்லாம் ஒரு பித்தளைத் தட்டும் ஒரு சிறு செம்புமே. பட்டினி மிகுந்த ஒருநாள் அவர் கணக்கிட்டுப் பார்த்தார். சோறுண்ணத் தட்டு எதற்கு? ஒரு காசுக்குச் சாலமரத்து இலை வாங்கினால் பத்துப் பன்னிரண்டு நாள் உண்ணலாமே! தட்டினை விற்றால் வரும் பணம், சோறு கிடையாத நாட்களுக்கு உதவுமே! இவ்வாறு எண்ணிக் கடைத்தெருவிற்குச் சென்றார். முன்பின் அறியாதவனிடம் பழம்பாத்திரம் வாங்கினால் திருட்டுப் பொருள் என்று வழக்கு வருமோ என அஞ்சிக் கன்னார் ஒருவரும் அதனை வாங்கினாரல்லர். பிறிதொருநாள் பசியினால் நடக்கலாற்றாது ஒரு பொரிக்கடையின்முன் நின்று குடிக்க நீர் கேட்டார். அக்கடையிலிருந்த கைம்பெண் வெறுநீர் தர மனமின்றி, வெல்லப்பாகிட்ட பொரியும் நீரும் கொடுத்தார். அவர் உண்ட விரைவைக் கண்டு, அன்று அவர் ஒன்றும் உண்ணவில்லை என்பதை உணர்ந்து, அருகிலிருந்த கடையில் தயிர் வாங்கி வந்து வயிறாரப் படைத்தார். உணவில்லாத நாளெல்லாம் தவறாது வந்து உண்ணவேண்டும் என்றும் அன்புக் கட்டளையிட்டார். தந்தை இதனைப் பன்முறை சொல்லக் கேட்டு வளர்ந்தவர் வித்தியாசாகரர். காசின் அருமையும் கைம்பெண்ணின் பெருமையும் அவர் நெஞ்சில் ஒருங்கே பதிந்தமைக்கு இந்நிகழ்ச்சியே விதையாயிற்று.

தாகுர்தாஸுக்குப் பின்னர்க் கிடைத்த வேலைக்கு மாதச் சம்பளம் 2 ரூபாய். அதனை அவர் தாயாருக்கு அனுப்பிவிட்டார். ஆண்டுகள் பல சென்றபின் அச்சம்பளம் 10 ரூபாயாக உயர்ந்தது. அந்நிலையிலேதான் எட்டு வயதுச் சிறுவனாகிய ஈசுவர சந்திரர் தந்தையுடன் ஊரிலிருந்து கால்நடையாகக் கல்கத்தாவிற்குப் புறப்பட்டார். வழியிலிருந்த மைல் கற்களில் பொறித்திருந்த ஆங்கில எண்களைக் கேட்டுக் கேட்டு, நகரம் சேர்வதற்குள் அவ்வெண்களைக் கற்றுக்கொண்டார். 1829-ஆம் ஆண்டில் அரசாங்க வடமொழிக் கல்லூரியிற் சேர்ந்தார்.

படிக்கும் காலத்திலேயே கடைக்குச் செல்லுதல், மசாலை அரைத்தல், சமைத்தல், பாத்திரம் துலக்குதல் ஆகிய எல்லா வேலைகளும் அவருடையனவாயின. தந்தைக்கும் தம்பியர்க்கும் உணவிட்ட பின்னரே தாம் உண்பார். ஒருநாள் தம் உணவில் கரப்பான் பூச்சி ஒன்று வெந்து கிடந்ததைக் கண்டார். வாய்திறந்து சொன்னால் உடனிருந்தார் அருவருத்து இலையைவிட்டு எழுவர், சமைத்ததெல்லாம் வீணாகும், மீண்டும் சமைக்கப் பொருளில்லை. ஆதலால் பேசாது அதனையும் சேர்த்து விழுங்கிவிட்டார். இதனைக் கேட்டு நகைப்பார் நகைக்க. உடன் உண்பாரின் ஒருவேளைச் சோற்றைக் காத்தற் பொருட்டுத் தம் அருவருப்பை அடக்கிய அப்பொறுமையை நாம் வணங்குகின்றோம்.

கல்லூரியில் அவருக்கு மாதம் 5 ரூபாயும் பின்னர் 8 ரூபாயும் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1839-ஆம் ஆண்டில் வித்தியாசாகரர், அஃதாவது கல்விக் கடல், என்னும் பட்டம் பெற்றார். 1841-ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். சம்பளம் வந்தவுடன் அவர் செய்த முதற்காரியம் யாது? தந்தையாரை வேலையைவிட்டு ஊருக்குச் சென்று ஓய்ந்திருக்கும்படி வேண்டிக்கொண்டார். 50 ரூபாயில் 20 ரூபாயைத் திங்கள்தோறும் ஊருக்கு அனுப்பினார். எஞ்சிய 30 ரூபாயில் தம்பியரும் உறவினருமாகப் பலர் உண்ணும் கல்கத்தா வீட்டினை நடத்தினார். வரவு ஐந்து மடங்காகியும் தட்டில் விழும் கறி ஒன்றாகவே இருந்தது. முரட்டு வேட்டி, மேலே ஒரு துண்டு, காலிலே எளிய செருப்பு ஆகிய இவையே அவர் இறுதிவரை அணிந்தவை. மேலதிகாரிகளைக் காணச் செல்லும்போதும் அக்கோலத்தை மாற்றினாரல்லர்.

இச்சிக்கனம் அவருக்குத் தந்த பயன் என்ன என்று வினவலாம். முதற்பயன் அஞ்சாமை. 1847-ஆம் ஆண்டில் வடமொழிக் கல்லூரியில் துணைச் செயலாளராயிருந்தபோது, பாடத்திட்டத்தைத் திருத்தக் கருதிய அவர் கருத்தைச் செயலாளர் ஏற்கவில்லை. வித்தியாசாகரர் வேலையை விட்டு நீங்கினார். சோற்றுக்கு இவர் என் செய்வார் என்று செயலாளர் பேசியது அவர் காதில் விழுந்தது. உருளைக்கிழங்கும் காய்கறியும் விற்றாவது உயிர் வாழ்வேன் என்ற கருத்தில் அவர் விடையனுப்பினார். வாய்ச்சொல் வீரமன்று அது. காய்கறி விற்பவனுடைய வருவாயில் வாழும் பழக்கத்தை அவர் கைவிடாதிருந்தமையாலேதான் அவ்வாறு சொல்ல முடிந்தது. சம்பளம் முழுவதையும் ஆடம்பரத்திற்கு அடகு வைத்தவன், மேலதிகாரியின் முகக்குறிப்பைப் பார்த்தே வாழவேண்டியவனாகின்றான்.

அக்காலத்தே நண்பர் மதனமோகன தர்க்காலங்காரருடன் கூடி அவர் அச்சகம் ஒன்று தொடங்கினார். கடன் 600 ரூபாய் வாங்கி அச்சுப்பொறி கொண்டார். முதலில் பாரதசந்திரரின் அன்னதாமங்கலத்தைப் பிழையற அச்சிட்டு, 100 படிகளை வில்லியம் கோட்டைக் கல்லூரிக்கு 600 ரூபாய்க்கு விற்றுக் கடனை அடைத்தார். கடன் வாங்குதலிலும் இரு வகையுண்டு. தன்னைத் தானே அடைக்கும் கடன் ஒன்று. வீட்டையே அடைக்கும் கடன் மற்றொன்று. அவர் வாங்கியது முதல் வகை.

பின்னர் 1851-ஆம் ஆண்டில் அதே வடமொழிக் கல்லூரிக்குத் தலைவரானார். சம்பளம் 150, 300 என உயர்ந்து, பள்ளிகளின் மேற்பார்வையும் சேர்ந்தபோது 500 ரூபாயாயிற்று. அவ்வேலையையும் 1858-ஆம் ஆண்டில் கருத்து வேற்றுமையினால் உதறித் தள்ளினார். 1855-ஆம் ஆண்டில் அவர் எழுதிய வர்ணபரிசயம் முதலிய பாடநூல்களே அதன்பின் அவருக்கு வருவாய் தந்தன.

சிக்கனத்தின் இரண்டாம் பயன் ஈகை. நூல்களால் வந்த பெரும்பொருளில் அவர் தமக்கென எடுத்துக்கொண்டது மிகச் சிறிது. ஐம்பத்தாறாம் வயதை நெருங்கும் வரையில் கல்கத்தாவில் அவருக்குச் சொந்த வீடில்லை. 1876-ஆம் ஆண்டில்தான் பாதுர்பாகானில் ஒன்று கட்டினார். 1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வீரசிங்கத்தில் கஞ்சித்தொட்டி திறந்து ஊராரைக் காத்தார். அவர் அன்னையாரும் அத்தகையரே. குளிருக்கென மகன் அனுப்பிய போர்வைகளை அண்டை வீட்டு ஏழைகளுக்கு அளித்துவிட்டு, வேறு அனுப்புமாறு எழுதுவித்தவர் அவ்வம்மையார். தாயிடம் கற்ற பாடத்தையே மகன் நடத்திக் காட்டினார்.

செலவு செய்யவேண்டிய இடத்தில் அவர் கை சுருங்கியதில்லை. தம் புத்தகங்களுக்கு மட்டும் உயர்ந்த தோற்கட்டு இடுவித்தார். அதனைக் கண்ட செல்வர் ஒருவர், இது வீண் செலவன்றோ என்று கேட்டாராம். குளிரைத் தாங்க மலிந்த கம்பளி போதுமாயிருக்க, அச்செல்வர் விலையுயர்ந்த சால்வை போர்த்தியிருப்பது ஏன் என்று வித்தியாசாகரர் திருப்பிக் கேட்க, வந்தவர் வாயடங்கினார். உடையிற் குறைத்ததைப் புத்தகத்திற் பெருக்கிய அவரது கணக்கு நம் இல்லங்களில் இடம்மாறிக் கிடக்கின்றது அல்லவா?

இத்தகையாரும் ஓரிடத்தில் அளவு தப்பினார் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அறமன்று. 1856-ஆம் ஆண்டில் கைம்பெண் மறுமணச் சட்டம் நிறைவேறியது. அதன்படி நடந்த மணங்களுக்குப் பொருளுதவுவதாகச் சொன்னவர் பலர் பின்வாங்கினர். சுமை முழுவதும் வித்தியாசாகரரின் தலையிலேயே விழுந்தது. 1867-ஆம் ஆண்டளவில் 60 மணங்களுக்கு 82,000 ரூபாய் செலவாகியிருந்தது. கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் பிரான்சு நாட்டில் கடனில் மூழ்கிச் சிறைக்கு அஞ்சி எழுதியபோது, 1864-ஆம் ஆண்டில் 1,500 ரூபாய் அனுப்பி அவர் குடும்பத்தைக் காத்தார்; மேலும் உதவப் பிறரிடம் கடனும் பட்டார். தாயகம் திரும்பிய பின்னும் கவிஞரின் ஆடம்பரம் குறையவில்லை. பெருங்கவிஞராகிய அவர் 1873-ஆம் ஆண்டில் வறுமையிலேயே மாண்டார். கொடுத்தவரோ கடன்காரர்களுக்கு விடைசொல்ல நேர்ந்தது. 1869-ஆம் ஆண்டில் தம் அச்சகத்தின் பெரும்பங்கை விற்கவும் வேண்டியதாயிற்று.

வள்ளுவனார் வரவையும் செலவையும் எடைபோடும் கருத்துக்களை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பதை நம் மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் நாம் வியப்பதுண்டு. ஈகைக்கும் அளவுண்டு என்பதை அப்பெருமான் அங்கேயே உணர்த்தினார். வித்தியாசாகரர் அதனை வருந்திக் கற்றார். கற்றதைப் பிறர்க்குப் பயன்படச் செய்தார். 1872-ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் இந்துக் குடும்ப உபகார நிதி கல்கத்தாவில் தொடங்கப்பெற்றது. சிறு வருவாயுடையார் திங்கள்தோறும் ஒரு தொகை செலுத்தி வந்தால், அவர் இறந்தபின் மனைவி மக்கள் முதலியோர்க்கு மாதந்தோறும் பணம் கிடைக்கும். நிருவாக முறை தமக்கு ஒவ்வாமையால் சில ஆண்டுகளில் அவர் அதனின்று விலகினார். எனினும் அவ்வெண்ணத்தின் பெருமை குறையாது. ஒருவர் எத்துணை வள்ளலாயினும் நாட்டிலுள்ள எல்லாக் கைம்பெண்களையும் காத்தல் இயலாது. குடும்பத் தலைவன் ஒவ்வொருவனும் தான் உள்ளபோதே சிறிது சேமித்தால், அவன் மனைவி பிறர் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. பொரிக்கடை வாயிலில் தந்தை நின்ற காட்சி மகனின் முதிர்ந்த அறிவில் இவ்வாறு பழுத்தது.

இறுதிக்காலத்திற் பல ஆண்டுகள் சந்தால் மக்கள் வாழும் கர்மாடார் என்னும் ஊரில் அடிக்கடி தங்கினார். காலையில் அம்மக்கள் மக்காச்சோளக் கதிர்களை விற்கக் கொண்டுவருவர். கேட்ட விலை கொடுத்து வாங்கி அடுக்குவார். பிற்பகலில் பசியோடு வருவார்க்கு அக்கதிர்களையே உண்ணக் கொடுத்துவிடுவார். அவ்வூர்ப் புகைவண்டி நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1891-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29-ஆம் நாள் அவர் கல்கத்தாவில் உயிர் நீத்தார்.

அன்பர்களே! பள்ளியாசிரியத் தொழில் புரியும் நாம் இதனை எழுதும் தகுதி முற்றும் உடையோம் அல்லோம். நம் இல்லத்தில் நடந்த திருமணம் ஒன்றில், ஊரார் வாய்க்கு அஞ்சிப் பந்தலுக்கும் மேளத்திற்கும் வட்டிக்குப் பணம் வாங்கினோம். பந்தல் மூன்று நாளிற் பிரிக்கப்பட்டது. வட்டி மூன்றாண்டு நின்றது. அவ்வாண்டுகளில் நம் மகன் கேட்ட அகராதியை வாங்கித் தர நம்மால் இயலவில்லை. அந்த அகராதியின் விலை, வந்தவர் ஒருவரும் நினைவில் வைத்திராத ஒரு மாலையின் விலையைக் காட்டிலும் குறைவு. வித்தியாசாகரரின் வரலாற்றைப் படிக்கும்தோறும் அதுவே நம் நெஞ்சைச் சுடுகின்றது.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு நாம் வேண்டிக்கொள்வன மூன்று. வீட்டுக்கொரு கணக்கேடு வைத்து, நாள்தோறும் விளக்கேற்றியவுடன் அன்றைய செலவை அதில் எழுதுக. எழுதும் பொறுப்பைப் பெண்மக்களிடம் ஒப்புவிப்பின் இன்னும் நன்று. சம்பளம் உயர்ந்த மாதத்தில் செலவை உயர்த்தாது, உயர்ந்த பகுதியைத் தனியே வைத்து வருக. திருமணச் செலவைப் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் முன்னரே அமர்ந்து பேசி, கடனின்றி முடியும் அளவில் வரையறுக்க. இவை மூன்றும் ஏட்டளவில் நில்லாது இல்லந்தோறும் நடைபெறுமாயின், அடுத்த தலைமுறையில் நம் பிள்ளைகள் அகராதிக்கு ஏங்கார். நம் பெண்டிர் பிறர் கையை நோக்கி நில்லார். 50 ரூபாயில் 20 ரூபாயைப் பெற்றோர்க்கென எடுத்துவைத்த அந்த இளம்பண்டிதரை நினைந்து, இந்த மாதச் சம்பளத்திலேயே தொடங்குவோமாக.