சந்தக்கவி அருணகிரிநாதர்

திருத்தணியில் வாழும் நமக்கு அருணகிரிநாதரின் பெயர் புதிதன்று. மலைப்படி ஏறுவோர் நாவில் அவருடைய திருப்புகழ் ஒலிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அப்பாடல்களின் அமைப்பை எண்ணிப் பார்த்தவர் நம்மில் சிலரே.

அருணகிரியார் 15ஆம் நூற்றாண்டினர், திருவண்ணாமலையில் வாழ்ந்தவர். 1422 முதல் 1446 வரை விசயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயரை, பிரபுடதேவர் என்னும் பெயரால் தம் பாடலில் குறிப்பதால் அவர் காலம் விளங்குகிறது. இளமையை வீணாக்கி, மனமுடைந்து கோபுரத்தின்மேல் ஏறிய அவரை முருகன் ஆட்கொண்டதாகச் செவிவழிக் கதை கூறும். பின்னர் ஊர் ஊராகச் சென்று பாடினார். நம் தணிகைக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்துள்ளன. கந்தரலங்காரம், கந்தரநுபூதி முதலியனவும் அவர் இயற்றியவையே.

அவர் பாட்டின் தனிச்சிறப்பு சந்தம். வகுப்பில் நாம் சீர் பிரிக்கும்போது பட்டு, பந்து, அன்னம், வள்ளி ஆகிய நான்கையும் தேமா என்றே எழுதுவோம். சந்தப்பாவிலோ இவை வேறு வேறு. வல்லெழுத்து இரட்டித்த பட்டு ‘தத்த’. மெல்லெழுத்தின்பின் வல்லெழுத்து வரும் பந்து ‘தந்த’. மெல்லெழுத்து இரட்டித்த அன்னம் ‘தன்ன’. இடையெழுத்து இரட்டித்த வள்ளி ‘தய்ய’. குறில் இருக்குமிடத்தில் நெடில் வந்தாலும் சந்தம் கெடும். திருப்புகழ் அடியில் பெரும்பாலும் ஒரே சந்தம் மும்முறை மடங்கி வரும். முடிவில் ‘தனதான’ போன்ற குறுகிய ‘தொங்கல்’ நிற்கும். நான்கு அடிகளிலும் இக்கட்டுப்பாடு தளராது. இத்தகைய கட்டுக்குள்ளே அவர் பக்தியையும் பொருளையும் நிறைத்தார்.

இக்கட்டுப்பாட்டால் விளைந்த நன்மை பெரிது. அருணகிரியார் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஆயிரத்து முந்நூறு அளவே. ஏட்டில் சிதறிக் கிடந்த பாடல்களை மாவட்ட முன்சீபாகப் பணியாற்றிய வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடித் திரட்டி, 1894இலும் 1901இலும் இரு பகுதிகளாக அச்சிட்டார். அவருடைய மகன் செங்கல்வராய பிள்ளை உரை எழுதித் தணிகைமணி எனப் புகழ்பெற்றார். ஏடெழுதியவர் ‘பட்டு’ என்பதைப் ‘பந்து’ என எழுதிவிட்டால் பிற பாக்களில் ஓசை பெரிதாக மாறாது, பிழை மறைந்துவிடும். சந்தப்பாவிலோ அது உடனே செவியில் உறுத்தும். ஓரெழுத்து விடுபட்டாலும் தாளம் இடறும். தம் பாட்டுக்குத் தாமே காவல் வைத்துச் சென்றார் கவிஞர் என்று சொன்னால் மிகையன்று.

யாப்பிலக்கணத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்கும் மாணவியர் இதனை உணர்தல் நன்று. இலக்கணம் பாட்டைக் கட்டும் விலங்கன்று. ஐந்நூறு ஆண்டுகள் அழியாது காத்த அரண். அடுத்த முறை திருப்புகழ் செவியில் விழும்போது, தத்தவும் தந்தவும் எங்கெங்கு வருகின்றன என்று நாமும் எண்ணிப் பார்ப்போமாக.