வல்லம் தந்த எண் வித்தகர்

குற்றாலச் சாரல் வீசும் வல்லம் என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ். எஸ். பிள்ளை என அறியும். பிறந்து ஓராண்டிலேயே தாயை இழந்தார். செங்கோட்டையில் பயின்ற நாளில் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் அச்சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டுகொண்டார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு நின்றுபோகும் நிலையில், ஆசிரியர் தம் ஊதியத்திலிருந்தே பொருள் ஈந்து படிக்க வைத்தார். அந்தக் கை நீளாதிருந்தால் இவ்வரலாறே இல்லை.

நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிலும் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவ் அவர்களிடம் ஆய்வு மாணவரானார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அதுவே அவர்தம் பொற்காலம். எந்த எண்ணையும் எத்தனை அடுக்கெண்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1770இல் வேரிங் தொடுத்த சிக்கலின் பெரும்பகுதியை 1936இல் அவிழ்த்தார். ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என 1940இல் நிறுவினார்.

அவர் கேட்ட சிறு வினா ஒன்றும் நிலைத்துவிட்டது. குறளின் ஏழு சீர்களை இடம் மாற்றி அடுக்க 5040 வழிகள் உண்டு. ஒன்று முதல் ஏழு வரை பெருக்கிய தொடர்பெருக்கம் அது. அதனுள் 2 என்னும் பகா எண் எத்தனை முறை உள்ளது? ஏழுக்குள் இரண்டின் மடங்குகள் மூன்று. நான்கின் மடங்கு ஒன்று. ஆக நான்கு முறை. இவ்வாறே 3 இரு முறை. 5, 7 ஒவ்வொரு முறை. எந்தத் தொடர்பெருக்கத்துக்கும் இக்கணக்குச் செல்லும்.

ஒன்றைக் கூட்டி 5041 ஆக்கினால், மாற்றுச் சாவிக்குத் திறவாத திண்டுக்கல் பூட்டைப்போல், ஏழு வரையுள்ள பகா எண் எதுவும் அதை வகுக்காது. வகுக்கும் பகா எண் 71. அதில் ஒன்றைக் கழித்தால் 70, ஏழின் மடங்கு. எப்போதும் இப்படித்தானா என்று பிள்ளை வினவினார். இல்லை என்பதே விடை. பதினான்கு வரையிலான பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 23 வகுக்கும். 22 பதினான்கின் மடங்கன்று. இத்தகையவை இன்று பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன. அவை முடிவற்றவை என்பதை ஹார்டி, சுப்பாராவ் ஆகியோரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டிற்று.

1942இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் சென்றார். 1950இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் காத்திருந்தது. ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவுக்கு அருகே விமானம் வீழ்ந்தது. அதிலிருந்த ஐம்பத்தைவரும் மாண்டனர். அவருள் பிள்ளையும் ஒருவர். அகவை நாற்பத்தொன்பது.

பயணம் பாதியில் நின்றது. ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் முளைத்த வினாவோ அரை நூற்றாண்டு கடந்தும் நடந்து, முடிவிலியைத் தொட்டது.