நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கம் பிள்ளை

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் முன்னே மாதிரி இப்போ மழை இல்லை, பருவம் மாறிப்போச்சு என்பார்கள். முன்னே என்றால் எந்த வருஷம், எந்த மாசம் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த ஒரு மனிதரின் கதையை நம் மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஆனந்தரங்கம் பிள்ளை 1709 மார்ச் 30ஆம் தேதி சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை ஒரு வியாபாரி. மைத்துனர் நைனியப் பிள்ளை அழைத்ததால் குடும்பத்தோடு புதுச்சேரியில் குடியேறினார். 1726ல் தந்தை காலமானபோது மகனுக்கு வயது 17. நம்மில் பலர் டிப்ளமோ படிக்கிற வயசு! அந்த வயதிலேயே வியாபாரப் பொறுப்பு தலையில் விழுந்தது. பிறகு பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக்காரரின் வியாபாரத்தையும் கவனித்தார்.

1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி மாதம், நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். முதலில் தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமை, கூடவே ஆங்கிலத் தேதி. அதற்குப் பிறகுதான் சங்கதி. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, கவர்னர் வீட்டில் என்ன பேச்சு, ஊரில் யாருக்குக் கல்யாணம் என்று எல்லாமே அதில் உண்டு. காற்று மழை அடித்தால் அதையும் எழுதினார். நடையோ சாதாரணப் பேச்சுத் தமிழ்தான். நடுவே பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் கலந்து வரும்.

பருவத்தைக் கவனிக்காமல் அவருக்குப் பிழைப்பில்லை. அந்தக் காலத்தில் புதுச்சேரிக் கடற்கரையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க, படகுகள் போய்ச் சரக்கு இறக்கும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பிவிட்டால் கப்பலுக்கு ஆபத்து. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே அக்டோபர் நடுவிலும் அங்கேயே இருந்தார். ஒரே ராத்திரிப் புயலில் அவருடைய கப்பற்படை சின்னாபின்னமானது. ஜெயித்த படையையும் பருவம் விடவில்லை!

1739ல் தஞ்சை அரசரிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அதனால் நம் காவிரிக் கடைமடையின் சேதிகளும் பிள்ளையின் ஏட்டில் இடம் பிடித்தன. 1747ல் கவர்னர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாஷியானார். சொந்தமாகக் கப்பலே வைத்திருந்தார். 1754ல் துய்ப்ளேக்ஸ் பிரான்சுக்குத் திரும்பினார். 1756ல் பிள்ளையின் பதவியும் போயிற்று. ஆனால் எழுத்து நிற்கவில்லை. ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தபோது, 1761 ஜனவரி 12ல் கண்ணை மூடினார். நாட்குறிப்பும் அந்தத் தேதியோடு முடிகிறது. நாலே நாளில் புதுச்சேரி விழுந்தது.

பிறகு 85 வருஷம் அந்த ஏடுகளைச் சீந்துவாரில்லை. 1846ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் பிரதி எடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இடையில் சில நாட்கள் கிடைக்காமல் போனாலும், அந்தக் காலத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுபவர்கள் இன்றைக்கும் பிள்ளையின் வாசலுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022ல் மே 24லேயே திறந்தார்கள். 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தேதி பேப்பரில் வரும். உங்க ஊர் வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர்ந்த தேதி எதில் வரும்? நாற்று விடுவதும், குறுவையா சம்பாவா என்று முடிவு செய்வதும் அந்தத் தேதியை நம்பித்தானே! நாளைக்கு இழப்பீடு கேட்டாலும், மதகு ரிப்பேருக்கு மனு போட்டாலும், ஞாபகத்தில் சொல்வதைவிடத் தேதி போட்டு எழுதியதற்கு மதிப்பு அதிகம்.

சர்வே பிராக்டிகலில் தேதியும் இடமும் இல்லாத ரீடிங் செல்லாது. ஊர்க் குறிப்புக்கும் அதே கதைதான். நான் ஒரு 80 பக்க நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, நேரம், இடம், கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான். வாய்க்காலில் தண்ணி முழங்கால் அளவு, வேம்பு பூத்தது, முதல் நடவு, கோடை இடி. தினம் ரெண்டு நிமிஷம் போதும். ஒண்ணுமே நடக்காத நாளில் மழை இல்லை என்று எழுதுகிறேன். அதுவும் சேதிதான்!

பரீட்சைக்கு முந்தின ராத்திரி ரெக்கார்டு நோட்டை முடித்துவிடலாம் தோழர்களே, போன வருஷத்து ஐப்பசியை முடிக்க முடியாது. இன்றைய தேதியைப் போட்டு முதல் வரியை எழுதுங்கள்.