தமிழில் வைத்தியம் கற்பித்த வெள்ளைக்கார டாக்டர்



அந்தக் காலத்தில் நம் பேராக் தோட்டங்களில் லயத்து மக்களுக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே ஓடுவார்கள்? தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே டிரெஸர் தமிழ் தெரிந்தவராக இருந்துவிட்டால் பாட்டிக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி. எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம் அல்லவா?

இந்த உண்மையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த ஒரு பெரியவரின் கதையைக் கேளுங்கள். அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822-ல் பிறந்தவர். கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்து, 1847-ல் அமெரிக்க மிஷன் மருத்துவராக இலங்கை வந்தார். மறு ஆண்டே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கினார். சமயம் பரப்ப வந்தவர்தான். ஆனால் வந்த இடத்து மொழியையும் ஊன்றிக் கற்றார்.

நோயாளிகள் திரள் திரளாக வந்தார்கள். வைத்தியரோ ஒருவர்! ஆகவே உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்தில் கற்பித்தார். நடந்தது என்ன தெரியுமா? படித்து முடித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட்டார்கள். கிராமம் பழையபடி வைத்தியர் இல்லாமல் நின்றது.

கிறீன் யோசித்தார். தமிழிலேயே கற்பித்தால் ஊரோடு தங்கி, ஊர் மக்களுக்கு உழைப்பார்கள் என்று முடிவு கட்டினார். ஓய்வுக்காகத் தாய்நாடு சென்றிருந்தவர், மணமுடித்து, 1862-ல் மனைவி மார்கரெட் அம்மையாருடன் மானிப்பாய் திரும்பினார். 1864 முதல் தமிழ் வகுப்பு நடந்தது.

பாடப் புத்தகத்துக்கு எங்கே போவது? மாணவர்களின் துணையோடு தாமே ஆக்கினார். பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார். கிடைக்காவிட்டால் வடமொழியில் பார்ப்பார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவார். வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்ததும் இப்படித்தான்!

அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கும் மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். உடல்நலம் குன்றி 1873-ல் குடும்பத்துடன் ஊஸ்டர் திரும்பினார். அங்கேயும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கெமிஸ்தம் 1875-ல்தான் வெளிவந்தது. 1884-ல் காலமானார். தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறித்தார்கள். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! நம் நாட்டில் 2003-ல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, தமிழில் அறிவியல் படித்து என்ன பயன் என்று நம்மவர்களே சிலர் கேட்டார்கள். இன்றும் அந்தக் கேள்வி நம் வீடுகளில் எழத்தான் செய்கிறது. மலாயும் ஆங்கிலமும் நமக்குக் கட்டாயம் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தமிழுக்கு அறிவியல் வராது என்று யாராவது சொன்னால் வாய்மூடி இருந்துவிடாதீர்கள். மானிப்பாய் டாக்டரின் கதையை எடுத்துச் சொல்லுங்கள். அந்நியர் ஒருவர் நம் மொழியில் வைத்த நம்பிக்கையை நாம் வைக்காமல் இருக்கலாமா?

இன்று பரிசு பெறும் உங்களில் ஒருவர் நாளை டாக்டராகலாம். அப்போது உங்கள் முன் ஒரு தோட்டத்துப் பாட்டி வந்து உட்கார்ந்தால், எங்கே வலிக்கிறது பாட்டி என்று நல்ல தமிழில் கேளுங்கள். அதுவே இந்தப் பள்ளிக்கு நீங்கள் தரும் பரிசு.