சோழர்களைத் திண்ணைக்கு அழைத்து வந்தவர்

அரூர் வட்டாரத்தில் பழைய நடுகற்கள் பல உண்டு. போரில் மாண்ட வீரனுடைய உருவம் அதில் செதுக்கப்பட்டு இருக்கும். அவன் பெயர் இருக்கும். எந்த அரசன் காலத்தில் மாண்டான் என்பதும் இருக்கும். அவனுடைய தாய் எப்படி அழுதாள்? அது கல்லில் இருக்காது.

கல் சொல்வது சரித்திரம். கல் சொல்லாமல் விட்டதைக் கற்பனையால் நிரப்புவது சரித்திரக் கதை. அந்தக் கதையைத் தமிழர்களின் வீடுதோறும் கொண்டு போய்ச் சேர்த்தவர் கல்கி.

பரீட்சையா, நாடா?

கல்கியின் சொந்தப் பெயர் கிருஷ்ணமூர்த்தி. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் உள்ள புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9ந் தேதி பிறந்தார். தந்தை ராமசாமி அய்யர், கிராமக் கணக்கர்.

கிருஷ்ணமூர்த்தி திருச்சியில் படித்தார். பள்ளி இறுதிப் பரீட்சை நெருங்கியது. அந்த நேரத்தில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்தார். பரீட்சை எழுதினால் உத்தியோகம் கிடைக்கும். இயக்கத்தில் சேர்ந்தால் சிறைதான் கிடைக்கும். 1921ல் அவர் பள்ளியை விட்டு வெளியேறினார். 1922ல் ஓராண்டு சிறைவாசம் அனுபவித்தார்.

1923ல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குச் சென்றார். அப்போது அரூரும் திருச்செங்கோடும் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. அங்கே ராஜாஜி நடத்திய 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகைக்குத் துணையாக இருந்தார். அதன் பின்னர் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் ஆனார். 1941ல் அதில் இருந்து விலகி, நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' வார இதழைத் தொடங்கினார்.

வாரம் ஓர் அத்தியாயம்

தமிழில் சரித்திர நாவல் அவருக்கு முன்பே இருந்தது. திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895லேயே வந்து விட்டது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் விரும்பும்படி எளிய தமிழில் எழுதிப் பெரும் வெற்றி கண்டவர் கல்கி. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டும் பல்லவர் காலத்துக் கதைகள். 1950ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' சோழர் கதை. அது மூன்றரை ஆண்டு வெளிவந்தது.

எது நிஜம்?

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். இது நிஜம். கொலை செய்த துரோகிகளின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள் என்பது அதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியைப் படைத்தார். நந்தினி கற்பனைப் பெண். குந்தவையும் வந்தியத்தேவனும் நிஜமாக வாழ்ந்தவர்கள்.

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும்? இறந்து போனவர்கள் மீது பழி விழும். பழுவேட்டரையர்கள் சோழர்களுக்குத் துணை நின்ற சிற்றரசர்கள். கதையில் அவர்கள் சதி செய்கிறார்கள். கல்வெட்டில் அந்தச் சதி இல்லை. கதையைக் கதையாகப் படித்தால் இன்பம். அதையே சாட்சியாக வைத்தால் அநியாயம்.

பாதியில் நின்ற கதை

'பொன்னியின் செல்வன்' முடிந்த அதே 1954ல், டிசம்பர் 5ந் தேதி, கல்கி காலமானார். அவருக்கு வயது 55. 'அமரதாரா' என்ற நாவல் பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். 'அலை ஓசை' நாவலுக்கு 1956ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. அதைப் பெற அவர் இல்லை.

1999ல் அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 'பொன்னியின் செல்வன்' 2022லும் 2023லும் இரண்டு பாகங்களாகத் திரைப்படம் ஆயிற்று.

கதை படித்த பலர், பிறகு கல்வெட்டையும் கோவிலையும் தேடிப் போனார்கள். அரூர்ப் பக்கம் நிற்கும் நடுகல் வீரனுக்கு இன்னும் ஒரு கதை எழுதப்படவில்லை.