சுவரோவியங்களின் இரகசியம் கண்ட விஞ்ஞானி

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று கேட்டால் சிறு குழந்தையும் இராசராசன் என்று சொல்லும். அக்கோயிலின் உட்சுவரில் சோழர் தீட்டிய ஓவியங்கள் எப்படி இத்தனை காலம் நிலைத்தன என்று ஆராய்ந்து கூறியவர் யார்? அவர்தான் இரசாயன அறிஞர் டாக்டர் எஸ். பரமசிவன்.

1930-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் ஓர் இரசாயன ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. மண்ணிலிருந்து எடுத்த வெண்கலச் சிலைகளைப் பச்சைக் களிம்பு அரித்துக்கொண்டிருந்தது. தேய்த்துக் கழுவினால் சிற்பியின் நுண்ணிய வேலைப்பாடும் போய்விடும். எனவே பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையால் அவற்றைக் காப்பாற்றினார்.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டார். அந்தச் சுவரின் காரையையும் வண்ணத்தையும் பரமசிவன் சோதித்தார். சோழ ஓவியர்கள் சுண்ணாம்புக் காரை ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டினர் என்று கண்டார். நாம் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் அது பால்போல் மாறுகிறதல்லவா? அதே வினைதான் அச்சுவரிலும் நடந்தது. ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகியபோது வண்ணத்தையும் தன்னோடு பிணைத்துக்கொண்டது. கோந்து தேவைப்படவில்லை. இந்த ஆராய்ச்சி 1937-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இதழில் வெளிவந்தது.

அஜந்தா ஓவியங்களையும் அவர் ஆராய்ந்தார். அங்கே மண் காரை உலர்ந்த பின் பசை கலந்த வண்ணம் பூசப்பட்டிருந்தது. முறை வேறானால் காக்கும் வழியும் வேறு. நோயறியாமல் மருந்து கொடுக்கலாமா?

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகையிலும் அவர் ஆய்வு தொடர்ந்தது. அங்கே கருமைக்கு மரக்கரி, வெண்மைக்குச் சுண்ணாம்பு, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்குப் பச்சை மண். பாறைமேல் பூசிய காரை 2.5 மில்லிமீட்டர், அதன்மேல் பூசிய மெல்லிய சுண்ணாம்பு வெறும் 0.5 மில்லிமீட்டர்!

இதைப் படித்தபோது என் மனம் குறுகுறுத்தது. முன்பு சுற்றுலா சென்ற ஓரிடத்தில், பழஞ்சுவர் ஒன்றில் காம்பஸ் முனையால் என் பெயரைக் கீறினேன். தோழிகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அரை மில்லிமீட்டரில் ஆயிரம் ஆண்டு உயிர்வாழ்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. ஒரு கீறலில் அழிந்ததை எந்த விஞ்ஞானியாலும் திரும்பத் தர முடியாது.

ஓவியம் தீட்டியவர்கள் தம் பெயரை எழுதி வைக்கவில்லை. அவற்றைக் காக்க உழைத்த பரமசிவன் பெயரையும் நம்மில் பலர் அறியோம். என் பெயர் மட்டும் சுவரில் எதற்கு?

தோழியரே, நம் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குச் சென்றாலும் சரி, தொலைதூரக் கோயிலுக்குச் சென்றாலும் சரி, கண்ணால் மட்டும் தொட்டு வருவோம். முன்னோர் தந்த செல்வத்தைப் பின்னோர்க்குப் பழுதின்றிக் கொடுப்போமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி