இருட்டில் உட்கார்ந்து எண்ணியவர்

கதிரியக்கம் உள்ள இடத்தில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் கருவியைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கைகர் கவுண்டர். 1882இல் ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் கைகர் என்பவரின் பெயர் அது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வகத்துக்கு 1907இல் ரூதர்ஃபோர்டு பேராசிரியராக வந்தபோது, கைகர் அங்கே உதவியாளர். ஆல்ஃபா துகள் துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் பட்டால் பொட்டு வெளிச்சம் தெறிக்கும். அதை மைக்ராஸ்கோப் வழியே ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். ரூதர்ஃபோர்டுக்கு இரண்டு நிமிடம்கூடப் பொறுமை இல்லை. வேலை கைகரிடம் வந்தது. மெஷின் வருமுன் விரலால் நோட்டு எண்ணிய என் போன்றவர்களுக்கு அந்த அலுப்பு புரியும். நாங்களாவது வெளிச்சத்தில் எண்ணினோம்!

1909இல் மார்ஸ்டன் என்ற 20 வயது மாணவரோடு சேர்ந்து, மெல்லிய தங்கத் தகட்டில் பட்டு எத்தனை துகள் திரும்புகிறது என்று எண்ணினார். பெரும்பாலானவை ஊடுருவிப் போயின. எப்போதோ ஒன்று திரும்பி வந்தது. அந்த ஒன்றையும் விடாமல் எண்ணியதால்தான் 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் கரு இருப்பதைச் சொல்ல முடிந்தது. பாடப்புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ரூதர்ஃபோர்டு பெயர்தான்.

கண்ணுக்குப் பதில் மின்சாரமே எண்ணும் கருவியை இருவரும் 1908லேயே செய்து பார்த்தார்கள். வாயு நிரப்பிய குழாய், நடுவே உயர் மின்னழுத்தக் கம்பி. துகள் நுழைந்தால் ஒரு மின்துடிப்பு. 1928இல் கீல் நகரில், மாணவர் வால்டர் முல்லரோடு சேர்ந்து கைகர் அதைச் செம்மையாக்கினார். இன்றும் அதே அமைப்புதான்.

போர் முடிந்த 1945இல் வீட்டை இழந்து, செப்டம்பரில் போட்ஸ்டாமில் காலமானார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.